மான் தின்ற காகிதம்: திருகோணமலை எழுத்து வட்டமொன்றின் நாளாந்தத் தூண்டுவரிகள்

சிறுகதை எழுத விரும்புகிறவர்களில் பலர் நன்றாக மொழி தெரிந்தவர்கள், நிறைய வாசித்தவர்கள், பேசத் தொடங்கினால் ஊர்க்கதை நூறு சொல்லக்கூடியவர்கள். ஆனாலும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும், எதை எழுதுவது என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. இதற்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் வழி நாளுக்கொரு தூண்டுவரி. ஒரு சொல்லோ பொருளோ சூழ்நிலையோ தரப்படும். அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுத வேண்டும். அப்படி எழுதியவற்றில் ஏதாவது ஒன்று கதையாக வளரும் என்பது எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பு எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்பதைத் திருகோணமலையில் இயங்கும் சிறிய எழுத்து வட்டமொன்றை வைத்து இங்கே ஆராய்கிறேன். நானும் அதில் ஓர் உறுப்பினர். அனுப்பப்பட்ட வரிகளையும் வாசிக்கப்பட்ட கதைகளையும் தொகுத்து வைக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் எல்லோருடைய கொப்பிகளையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எழுதியவர்களின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

வட்டமும் வழக்கமும்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்த வட்டம் தொடங்கியது. கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கும் காலம் அது. மீன் வியாபாரத்தில் இருக்கும் இளைஞருக்கு அப்போதுதான் மாலை நேரம் தன்னுடையதாக இருந்தது. மூதூரைச் சேர்ந்த தாதி ஒருவர், உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கிண்ணியாவில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் பெண், உயர்தர வகுப்பு மாணவி, பஸ் நிலையத்தருகே முச்சக்கர வண்டி ஓட்டுபவர் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எவரும் நூல் வெளியிட்டவர் அல்லர். மாதத்துக்கு ஒருமுறை, போயா எனப்படும் முழுநிலா நாள் விடுமுறையில், வகுப்பு நடக்காத ரியூசன் கொட்டகையில் கூடுவோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழுதான் கூடுமிடம்.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு வரி வந்துவிடும். மறுநாள் அவரவருக்கு வசதியான வேளையில் எழுதலாம். காலையில் கண் விழித்ததும் எழுது என்பது எழுத்துப் பயிற்சிகளில் வழக்கமாகத் தரப்படும் அறிவுரை. இரவுப் பணி முடித்து விடியும்போது படுக்கப் போகும் தாதிக்கும், அதே நேரத்தில் ஐஸ் பெட்டிகளோடு நிற்கும் மீன் வியாபாரிக்கும் அதை எப்படிச் சொல்வது? ஆகவே நேரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். கொப்பியில் கையால் எழுத வேண்டும். எழுதும்போது அழிக்கக் கூடாது. தொலைபேசியில் தட்டச்சு செய்தவர்கள் இரண்டாவது வரியிலேயே எழுத்துப்பிழை திருத்தத் தொடங்கி, பத்து நிமிடமும் அதிலேயே போய்விட்டது.

முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு விலக்கு. அவர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தொலைபேசியில் குரலாகப் பதிந்து வைத்து, இரவில் வீட்டில் கொப்பியில் ஏற்றினார். அவருடைய கதைகளில் உரையாடல் மற்றவர்களுடையதைவிட உயிரோட்டமாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று நம்புகிறேன். வாயால் சொல்லும் கதையில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். பேனை பிடித்தால்தான் நாம் வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

பரண் அறையும் பனிப்புயலும்

தொடக்க வாரங்களில் வரிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலப் பட்டியல்களிலிருந்து வந்தன. மாணவி அவற்றைத் தமிழாக்கி அனுப்பினார். "பனிப்புயலில் ஒரு விடுதிக்குள் அகப்பட்டுக்கொள்கிறீர்கள்." "அம்மம்மா வீட்டுப் பரண் அறையில் பூட்டிய பெட்டி ஒன்று கிடைக்கிறது." இப்படிப்பட்டவை.

எல்லோரும் எழுதினார்கள். பக்கங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களை அடுத்தடுத்து வாசித்தபோது ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தது. பூட்டிய பெட்டிக்குள் அநேகமாக எல்லோருக்கும் பழைய கடிதக்கட்டு கிடைத்தது. கடிதங்களில் அநேகமாக எல்லோருக்கும் அம்மம்மாவின் மறைத்துவைத்த காதல் இருந்தது. விடுதியில் அகப்பட்டவர்கள் யன்னலோரம் அமர்ந்து கோப்பி குடித்தார்கள். நாடகத்திலோ படத்திலோ கண்ட காட்சியை நினைவிலிருந்து இறக்கி வைப்பதைத் தவிர அந்த வரிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பனியைக் கையால் தொடாத ஒருவர் பனிப்புயலைப் பற்றிப் பத்து நிமிடத்தில் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

கணித ஆசிரியரின் கொப்பியில் மட்டும் அன்று வேறொன்று இருந்தது. "என் அம்மம்மா வீட்டில் பரண் அறை இல்லை. ஓலைக் கூரையும், கூரையில் செருகிய அரிவாளும் இருந்தன" என்று தொடங்கியிருந்தார். தொடர்ந்து அந்த அரிவாளைப் பற்றியே எழுதினார். அதை யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது. எடுத்தவர் திருப்பிச் செருகாமல் விட்டால் வீட்டில் என்ன நடக்கும். ஒருநாள் அது இருந்த இடத்தில் இல்லை என்று கண்டபோது அம்மம்மா யாரையும் கேட்காமல் ஏன் கதவைச் சாத்தினார். வரியோடு சண்டை பிடித்து எழுதிய அந்தப் பக்கம்தான் வட்டத்தின் முதல் உருப்படியான பக்கம்.

பெயர்ச்சொற்களைப் பட்டியலிட்டுக் கதை தேடும் முறைக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி. இருபதுகளின் தொடக்கத்தில் ஏரி, இரவு, பள்ளத்தாக்கு என்று சொற்களை வரிசையாக எழுதிவைத்தார். ஏரி என்ற சொல் 1942இல் ஒரு கதையாயிற்று. அவருடைய பட்டியலில் பரண் அறையும் இருக்கிறது. அது அவர் வளர்ந்த நாட்டு வீடுகளில் இருக்கும் அறை. சிறுவயது அச்சங்களிலிருந்து அவர் பொறுக்கியெடுத்த சொல். அதே சொல் மொழிபெயர்ப்பாக உப்புவெளிக்கு வந்தபோது அதற்குள் எவருடைய அச்சமும் இருக்கவில்லை. அவருடைய முறையை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலப் பட்டியலைக் கைவிட்ட பிறகு சிறிது காலம் "தனிமை", "மன்னிப்பு", "காத்திருப்பு" போன்ற சொற்கள் வந்தன. அவற்றால் கவிதை வந்தது, மேடைப் பேச்சு வந்தது, கதை வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

அந்தக் கட்டத்தில் வட்டத்துக்குள் ஒரு வாதம் எழுந்தது. வரியே வேண்டாம், அவரவர் விரும்பியதை எழுதலாம் என்று வங்கியில் வேலை செய்யும் பெண் சொன்னார். கட்டளைக்கு எழுதுவது கலை ஆகுமா என்பது அவருடைய கேள்வி. ஆசிரியர் அதற்குக் காளமேகப் புலவரைக் காட்டினார். முருகன் மீது பாடு, ஆனால் செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடி என்று கேட்டார்களாம். கேட்ட மாதிரியே வெண்பா வந்தது என்பது நம்மிடம் வழங்கும் கதை. "பிள்ளை, எந்தச் சொல்லிலும் தொடங்கலாம் என்று விட்டிருந்தால் அந்தப் பாட்டு வந்திருக்குமா?" என்று கேட்டார். அந்தப் பெண் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படியென்றால் சேர், வரியை நாங்களே உண்டாக்குவோம்" என்றார். வட்டத்தின் போக்கை மாற்றியது அந்த ஒரு வாக்கியம். அதன் பிறகு நாளுக்கு ஒருவர், முறை வைத்து, தன் கண்ணால் கண்ட ஏதாவதொன்றிலிருந்து வரி எழுதி அனுப்ப வேண்டும் என்றானது.

பஸ் நிலையத்து மான்

அப்படி வந்த வரிகளில் மிக நீண்ட தூரம் பயணித்தது மீன் வியாபாரி அனுப்பியது: "பஸ் நிலையத்தில் மான் ஒரு காகிதத்தைத் தின்றுவிட்டது."

பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் உலவுவது இங்கே அன்றாடக் காட்சி. கடை வாசலில் நிற்கும், குப்பையைக் கிளறும், பஸ் நிலையத்தில் ஆட்களுக்கு நடுவே நடந்து போகும். வரியில் இருந்தது அவ்வளவுதான். எந்தக் காகிதம், யாருடைய காகிதம் என்பது இல்லை. அந்த வெற்றிடம்தான் எல்லோரையும் எழுத வைத்தது.

பலருடைய கொப்பியில் காகிதம் காதல் கடிதமாகியிருந்தது. ஒருவருக்குப் பரீட்சை அனுமதி அட்டை. ஒருவருக்கு லொத்தர் டிக்கெட். முச்சக்கர வண்டி ஓட்டுபவர் பதிந்து வைத்த குரலில் முதல் வாக்கியமே ஒரு மறுப்பு: "மான் சும்மா காகிதத்தைத் தின்னாது." அவர் நாள்தோறும் பார்க்கிறவர். மான் தேடி வருவது சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை. கறி ஊறியிருந்தால்தான் வாய் வைக்கும். ஆகவே தின்னப்பட்ட காகிதம் சோற்றுப் பார்சலோடு ஒரே பைக்குள் இருந்திருக்க வேண்டும். கறி கசிந்து அதில் ஊறியிருக்க வேண்டும். அப்படியானால் பைக்குச் சொந்தக்காரர் தொலைவிலிருந்து வந்தவர், அன்று முழுவதும் நகரத்தில் நிற்க வேண்டியவர், கடையில் வாங்கிச் சாப்பிடக் காசைச் செலவிட மனமில்லாதவர். காகிதம் ஏதோ அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியது. பத்து நிமிடத்துக்குள் குச்சவெளிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு வயதான பெண்மணி அவர் முன்னால் நின்றார்.

இந்த இடத்தைப் பல தடவை திரும்பிப் படித்திருக்கிறேன். எழுதியவர் கற்பனை செய்வதற்கென்று தனியாக முயலவில்லை. மான் எதைத் தின்னும் என்ற சின்ன அறிவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஆள் கடைசியில் கிடைத்தார். மற்றவர்கள் ஆளையும் உணர்ச்சியையும் முதலில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஒரு மானைத் தேடினார்கள்.

அந்த வார இறுதியில் அவர் எழுதிய முதல் வரைவில், காகிதம் காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். பெண்மணி அழுகிறார், ஓட்டுநரும் கண் கலங்கி, கையிலிருந்த காசைக் கொடுத்து அனுப்புகிறார். போயாக் கூட்டத்தில் இதை வாசித்தபோது இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று ஆசிரியருடையது: "தம்பி, உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாமே. பிறகு ஏன் அந்த அம்மா அழுகிறார்?" மற்றது தாதியுடையது: "மான் தின்றுகொண்டிருக்கும்போது அவர் என்ன செய்தார்? துரத்தினாரா?"

முதல் கேள்வி கதையின் அச்சாணியை மாற்றியது. உறுதிக்குப் பதிலாகக் காணி அனுமதிப்பத்திரம் வந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுக்கப்பட்ட பத்திரம். கதையில் அலுவலகக் கோப்பு போரில் அழிந்துவிட்டது, பெண்மணியின் கையிலிருந்த ஒரு போட்டோப் பிரதிதான் மிச்சம். இப்போது அவர் இழந்தது உண்மையில் மீட்க முடியாதது. சட்ட விவரம் ஒன்றைச் சரிபார்த்ததால் கதையின் துயரம் கனத்தது என்பதைச் சிறுகதை எழுதத் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். தகவல் பிழையை வாசகர் கண்டுபிடித்துவிடுவார் என்பதற்காக மட்டும் நாம் சரிபார்ப்பதில்லை. சரியான தகவலில்தான் பாத்திரத்துக்குத் தப்பிச் செல்லும் வழி அடைபடுகிறது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்க வெகுநாள் ஆயிற்று. கடைசியில் அவர் வாசித்த பகுதியை அப்படியே தருகிறேன்:

"கல்லை எடுத்தேன். 'எறியாதே தம்பி, அது கோயில் மான்' என்றார். மான் தாளின் கடைசி மூலையையும் இழுத்து மென்றது. அந்த மூலையில் சிவப்பு முத்திரை இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். 'நீ கண்டாய்தானே? கச்சேரிக்கு வந்து, மான் தின்றதைக் கண்டேன் என்று சொல்லுவாயா?' என் வண்டிக்கு முன்னால் இன்னும் ஒரு வண்டிதான் நின்றது."

கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வரிசையில் தன் முறை வரும் நேரம் பார்த்து இடத்தை விட்டுப் போக வேண்டும். கச்சேரிக்கு, அதாவது அரச செயலகத்துக்குப் போய், மான் பத்திரத்தைத் தின்றது என்று ஓர் உத்தியோகத்தரிடம் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னாலும் பயன் இருக்குமா தெரியாது. காசு கொடுத்து அனுப்பும் முடிவு தானாகக் கழன்று விழுந்தது. பெண்மணி அழுவதும் போயிற்று. கொட்டகையில் வாசித்து முடித்தபோது எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: ஓட்டுநர் போனாரா? முடிவை எழுதியவர் இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்பதால் அதை நான் இங்கே சொல்லவில்லை.

நல்ல வரியில் என்ன இருக்கிறது

தொகுப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று துலங்கியது. கதையாக வளர்ந்த வரிகளில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளும், அந்தப் பொருளில் சிறு பிசகும் இருந்தன. ஆளும் காரணமும் இருக்கவில்லை. "கன்னியாவில் ஒரு கிணற்றுத் தண்ணீர் இன்று சூடாக இல்லை" என்று ஒருநாள் வந்தது. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுச் சூடு. இராவணன் தாயின் இறுதிக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். வரியில் இதில் எதுவுமே இல்லை. தெரிந்தவர்கள் எழுதும்போது அவரவருக்கு வேண்டியது தானாக வந்து சேர்ந்தது. தகப்பனின் இறுதிக்கடன் முடிக்க வெளிநாட்டிலிருந்து வந்த மகனை வங்கிப் பெண் எழுதினார். தண்ணீர் ஆறியதை மற்றவர்கள் கவனிக்காதபோது, தான் மட்டும் சொன்னால் சகுனம் பார்க்கிறவன் ஆகிவிடுவேனோ என்று அவன் தயங்குவது அதில் நன்றாக விழுந்திருந்தது.

வரலாறு எதிர்மாறாக நடந்துகொண்டது. "1942 ஏப்ரல் 9" என்று மட்டும் ஒருவர் அனுப்பினார். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கிய நாள். கொப்பிகளில் விமானங்கள், கப்பல்கள், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் வந்தன. மனிதர் ஒருவரும் வரவில்லை. தெரிந்த செய்தியின் பாரத்தில் பேனை கட்டுரையாக ஓடியது. சில நாட்கள் கழித்து ஆசிரியர் அதே நாளை வேறு வாயிலால் திறந்தார்: "சைரன் ஊதியபோது அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது." அன்று தாதி எழுதிய பக்கத்தில் ஒரு பெண் அரைவேக்காட்டுச் சோற்றைப் பானையோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், ஓடும் வழியில் எவர் வீட்டு அடுப்பு எரிகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடுகிறாள். தேதியைச் சொல்லாமலே எந்த நாள் என்று விளங்கியது.

பாதை

இந்த முறையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையைப் பாதை என்கிறோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நகரத்துப் பக்கமிருந்து கிண்ணியாவுக்குப் போக அதுவே துணை. அந்தப் பழைய நாட்களை நினைத்து நகரத்து உறுப்பினர் ஒருவர் வரி அனுப்பினார்: "பாதை புறப்பட்ட பிறகு ஒருவர் ஓடி வருகிறார்." நல்ல வரிதான். பலர் உற்சாகமாக எழுதினார்கள். கிண்ணியாத் தையல்காரர் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த வரிகளுக்கும் எழுதவில்லை.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்திருந்தது. பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உயிரிழந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் வந்து சொன்னார்: "அந்த வரியை நகரத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் படிப்பார். எங்கள் ஊரில் படிக்கிற விதம் வேறு. நான் அதற்கு எழுத மாட்டேன்." வரி அனுப்பியவர் எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நானா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்று வேறு எதையும் வாசிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் எல்லோருமாக எடுத்த முடிவு: எந்த வரியையும் காரணம் சொல்லாமல் தவிர்க்கலாம், ஏன் எழுதவில்லை என்று எவரும் கேட்கக் கூடாது. போரும் 2004 டிசம்பர் கடல்கோளும் இடப்பெயர்வும் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்துபோன மாவட்டம் இது. எந்தச் சாதாரணச் சொல் எவருடைய காயத்தில் போய் விழும் என்பதை அனுப்புகிறவர் முன்கூட்டி அறிய முடியாது. அதனால் பாதுகாப்பு, எழுதுகிறவரின் கையில்தான் இருக்க வேண்டும். வேறூர்களில் இப்படி வட்டம் தொடங்க நினைப்பவர்கள் முதல் நாளே இந்த விதியை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பல வாரங்கள் கழித்து வங்கிப் பெண் ஒரு வரி அனுப்பினார்: "அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள் துணியை வாங்க வரவில்லை." தையல் கடையை நினைத்துச் சாதாரணமாக எழுதியது. தையல்காரர் அதற்கு எழுதினார். ஒரு வெள்ளைச் சீருடை. மடிப்புக்குள் கூடுதலாக இரண்டு அங்குலம் விட்டுத் தைத்திருக்கிறார், பிள்ளை வளரும்போது பிரித்து விடலாம் என்று. வாங்க வராததால் அது மற்றச் சீருடைகளோடு கொழுவியில் தொங்குகிறது. அடுத்த தைமாதம் வேறொரு தாய் மகளோடு வருகிறார். அந்தச் சீருடை அந்தப் பிள்ளைக்கு அப்படியே பொருந்துகிறது. கொடுப்பதா, புதிதாகத் தைப்பதா என்பதுதான் கதை. ஏன் முதல் குடும்பம் வரவில்லை என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. வட்டத்தில் எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறந்த கதை இதுதான் என்று நான் கருதுகிறேன். நேராகக் கேட்ட வரி மூடிய கதவை, எதுவும் அறியாமல் வந்த வரி திறந்தது. இதை எவரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது. தொடர்ந்து வரிகள் வந்துகொண்டிருந்ததும், எழுதாமல் இருந்தவரை எவரும் நெருக்காமல் விட்டதும்தான் அதற்கு இடம் கொடுத்தன.

தொடங்கிய கதைகளும் முடிந்த கதைகளும்

வாடை போய்க் கச்சான் காற்று வரும் காலத்தில் வட்டத்தின் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. கொப்பிகள் நிரம்பியிருந்தன, முடிந்த கதைகள் சிலவே. நாள்தோறும் புதிய வரி வருவதால், நேற்றைய பக்கத்தைத் திறந்து இரண்டாவது நாளும் அதில் உழைக்க எவருக்கும் தோன்றவில்லை. புதியதைத் தொடங்கும்போது வரும் உற்சாகம் நடுவில் சிக்கிக்கொண்ட கதையை அவிழ்க்கும்போது வருவதில்லை. நாளாந்த வரி எழுதும் பழக்கத்தைத் தந்ததோடு, முடிக்காமல் நழுவ ஒரு மரியாதையான வழியையும் கொடுத்துவிட்டது. "நான் ஒருநாளும் தவறாமல் எழுதுகிறேன்" என்று மாணவி பெருமையோடு சொன்னார், உண்மைதான். ஆனால் அவருடைய கொப்பியில் இருந்தவை எல்லாம் தொடக்கங்கள்.

இதற்கு வழியாக, போயாவுக்கு முந்தைய வாரத்தில் வரி அனுப்புவதை நிறுத்தினோம். அந்த வாரத்தில் மாதம் முழுவதும் எழுதிய பக்கங்களைப் புரட்டி ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்த பக்கத்தில் யாருக்கு எது உடனே தேவைப்படுகிறது, அதைக் கேட்க அல்லது கொடுக்க யார் தயங்குகிறார் என்று பார்க்க வேண்டும். மான் கதையில் சாட்சி தேவை, தயங்குபவர் ஓட்டுநர். சீருடைக் கதையில் உடை தேவை, தயங்குபவர் தையல்காரர். இரண்டுக்கும் பதில் கிடைக்காத பக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது கொப்பியிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். பெரும்பாலான பக்கங்கள் அப்படித்தான் கிடக்கின்றன. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

மாணவி அந்த வாரத்தை முதலில் வெறுத்தார். "அண்ணா, தொடங்கினது எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை, எதை எடுப்பது?" என்று முச்சக்கர வண்டி ஓட்டுபவரிடம் கேட்டிருக்கிறார். பிடிக்காதவற்றில் எதை நினைத்தால் கோபம் வருகிறதோ அதை எடு என்றாராம். மாணவி எடுத்தது "காத்திருப்பு" என்ற சொல்லுக்கு எழுதிய பழைய பக்கம். அதில் இருந்த கவிதை வரிகளையெல்லாம் வெட்டிவிட்டு, மூதூர் பஸ்ஸில் தனக்காகப் பிடித்து வைத்த இருக்கையைத் தோழி இன்னொருத்திக்குக் கொடுத்த சம்பவத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் எழுதி முடித்த முதல் கதை அது.

வரி எழுதும் முறை வந்த பிறகு உறுப்பினர்களிடம் தெரிந்த மாற்றத்தையும் பதிவு செய்ய வேண்டும். தன் முறை நெருங்கும்போது ஒவ்வொருவரும் பார்க்கத் தொடங்கினார்கள். மீன் வியாபாரி கரைவலை இழுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, வலையில் மீனல்லாமல் வேறு என்னவெல்லாம் வருகிறது என்று கவனித்தார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எந்தக் கூலியாளை முதலில் அழைத்துக் காசு கொடுக்கிறார் என்று பார்த்தார். வங்கிப் பெண் கையெழுத்துப் போடும் முன்பு ஆட்கள் விரலை எங்கே துடைக்கிறார்கள் என்று எழுதினார். வரிக்கு எழுதியதைவிட வரியைத் தேடியதில்தான் இவர்கள் அதிகம் கற்றார்கள் என்பது கொப்பிகளை ஒப்பிட்டால் தெரிகிறது. தூண்டுவரித் தொகுப்புகளும் செயலிகளும் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அவை தேடும் வேலையை நம்மிடமிருந்து எடுத்துவிடுகின்றன, கதை அந்த வேலையில்தான் கிடைக்கிறது.

உரையாடலை ஊர்ப் பேச்சில் எழுதுவதா பொதுத் தமிழில் எழுதுவதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மூதூர்ப் பேச்சும் கிண்ணியாப் பேச்சும் நகரத்துப் பேச்சும் ஒன்றல்ல. ஒருவர் மற்றவருடைய பேச்சை எழுதும்போது அந்த ஊர்க்காரர் ஒருமுறை படித்துப் பார்ப்பது என்பதோடு இப்போதைக்கு நிற்கிறது.

வட்டம் அடுத்த பருவத்துக்குத் தயாராகிறது. கடல் அமைதியாகிவிட்டதால் மீன் வியாபாரிக்கு நேரம் குறைந்துவிட்டது. அவருடைய முறையை மாதத்துக்கு ஒன்றாக்கியிருக்கிறோம். புதிதாக இருவர் சேர்ந்திருக்கிறார்கள். வரி அனுப்பியவர் அன்று தன் வரிக்குத் தானே எழுதக் கூடாது என்ற புதிய விதியைத் தாதி முன்வைத்திருக்கிறார். தன் மனதில் ஏற்கெனவே கதையை வைத்துக்கொண்டு வரி எழுதினால் மற்றவர்களுக்கு இடம் குறுகிவிடுகிறது என்பது அவருடைய வாதம். ஆசிரியர் இதற்கு உடன்படவில்லை. வரும் போயாவில் இரு விதமாகவும் வந்த வரிகளை அருகருகே வைத்துப் பார்த்து முடிவு செய்வோம்.